திறக்கக் கூடாத பெட்டி: விண்வெளிப் பயிர்ச் சோதனையைத் தூரத்திலிருந்து நடத்தும்போது வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

ஊட்டிக்கு வெளியே, ரேடியோ தொலைநோக்கி இருக்கும் முத்தோரைக்குப் போகும் வழியில், ஒரு கேரட் தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் ஷெட் இருக்கிறது. உள்ளே இரண்டு பெட்டிகள். ஒன்றில் பாசிப்பயறு விதைகள் கிளினோஸ்டாட் என்ற சுழலும் மேடையில் மெதுவாகச் சுழன்றபடியே முளைக்கும். இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அதன் இரட்டை. இவற்றை நடத்தும் பிள்ளைகள் கோவையில், விடுதி அறையில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் ஓட்டம் ஏழு நாள். அந்த ஏழு நாளும் சுழலும் பெட்டியின் கதவை யாரும் திறக்கக் கூடாது. 90 நிமிடத்துக்கு ஒரு முறை, ஆறே நிமிடம்தான் பெட்டியோடு பேசலாம். அந்த ஆறு நிமிடத்தை நாங்கள் 'பாஸ்' என்கிறோம்.

இது நாங்களாகப் போட்டுக்கொண்ட விதி. காரணம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டின் கடைசி அடுக்கு, போயம்-4 என்ற மேடையாகச் சுற்றிவந்தது. அதில் இஸ்ரோ எட்டு தட்டைப்பயறு விதைகளை ஒரு மூடிய பெட்டியில் வைத்து அனுப்பியது. நான்கே நாளில் முளைத்தன. எட்டிப் பார்க்க அங்கே ஆள் கிடையாது. வெப்பம், ஈரம், படம் எல்லாம் தரைக்கு வந்த தகவல்தான். அப்படிப்பட்ட பெட்டியை நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டுமானால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெட்டி இருந்தாலும் நீட்டாமல் இருக்கப் பழக வேண்டும்.

கிளினோஸ்டாட் ஈர்ப்பை நீக்குவதில்லை. திசையை மாற்றிக்கொண்டே இருப்பதால், எது கீழ் என்று வேரால் முடிவுக்கு வர முடியாமல் போகிறது, அவ்வளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் ஒரு கேள்வி. கெட்டிருப்பது செடியா, செடியைப் பற்றி நமக்குச் சொல்லும் கருவியா? எங்கள் அனுபவத்தில் பெரும்பாலும் கருவிதான். ஆனால் பதற்றத்தில் கை வைப்பது என்னவோ செடி மேல்தான்.

பாஸ் நேரம் வந்தது, தரவு வரவில்லை

உடனே ரீஸ்டார்ட் கட்டளை அனுப்பாதீர்கள். பெட்டி நின்றுவிட்டதா, பேச்சு மட்டும் நின்றதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்தால் பம்ப் இதுவரை எவ்வளவு தண்ணீர் விட்டது, மேடை எத்தனை சுற்று சுற்றியது என்ற கணக்கெல்லாம் அழிந்து போகலாம். உயிரோடு இருக்கும் பெட்டியை நாமே கலைத்துவிடுவோம்.

பிரித்துப் பார்க்க இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும். எங்கள் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, நெட்டை நம்பாமல், சிம் கார்டு வழியாக ஒற்றை வரி எஸ்.எம்.எஸ். அனுப்பும். வெப்பநிலை, சுற்று எண்ணிக்கை, மெமரியில் மீதி இடம். இந்த வரி வந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த பாஸில், விட்டுப்போன நேரத்தின் பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வரியும் நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

ஜூன், ஜூலை காற்றில் எங்காவது ஒரு மரம் கம்பி மேல் விழும். ஒரு முறை 31 மணி நேரம் நெட் இல்லை. பெட்டி தன் அட்டவணைப்படி விளக்கை எரித்தது, தண்ணீர் விட்டது, படம் எடுத்து உள்ளேயே சேர்த்து வைத்தது. நெட் திரும்பியதும் எல்லாம் முழுசாக வந்து சேர்ந்தது. பூமியைச் சுற்றும் பெட்டிக்கும் தரை நிலையத்தோடு ஒவ்வொரு முறையும் சில நிமிடம்தான் பார்வை கிடைக்கும். நாம் பேசாத நேரத்தில் தானாக நடக்கத் தெரியாத பெட்டியை ஏற்றி அனுப்பவே கூடாது.

படத்தின் நேரம் நம்பும்படி இல்லை

விதை 14 மணி நேரத்தில் வேர் விட்டதாக ஒரு ஓட்டத்தில் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குச் சந்தேகம். பார்த்தால், நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி பழைய மாடல். அதில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து எழுந்ததும், கடைசியாகச் சேமித்து வைத்திருந்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். நெட் கிடைத்தால்தான் சரியான நேரத்தைப் பிடிக்கும். நெட்டும் இல்லாததால் ஆறு மணி நேரம் காணாமல் போயிருந்தது. விதை முளைத்தது 20 மணி நேரத்தில்தான்.

தீர்வு சுலபம். டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு ஒன்றை, காசு பேட்டரியோடு, பொருத்துங்கள். கூடவே, படத்தின் பெயரில் நேரத்தோடு வரிசை எண்ணும் சுற்று எண்ணிக்கையும் வரும்படி செய்யுங்கள். கடிகாரம் பொய் சொன்னாலும் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கு சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி எரிந்தால் காரணம் தேடவே வேண்டாம். ஒருவர் இந்திய நேரத்திலும் இன்னொருவர் உலகப் பொது நேரத்திலும் எழுதியிருக்கிறார்கள். விண்வெளி நிலையம் பொது நேரத்தில்தான் ஓடுகிறது. நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம். சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறோம்.

அளவுகள் அடிக்கடி எகிறி விழுகின்றன

எகிறல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். எங்கள் மேடை நிமிடத்துக்கு இரண்டு சுற்று. 30 விநாடிக்கு ஒரு முறை எகிறினால் அது ஸ்லிப் ரிங் (சுழலும் மேடைக்குக் கம்பி முறுக்காமல் மின்சாரம் கடத்தும் வளையம்) அழுக்கு. மலை ஈரத்தில் சீக்கிரம் படியும். ஓட்டம் முடிந்ததும் துடையுங்கள், அதுவரை பதிவில் குறித்து வையுங்கள்.

தண்ணீர் விட்டாயிற்று, ஈரம் ஏறவில்லை

இதை நின்று பார்க்க வேண்டும். இங்கே இரண்டு தனிக் கோளாறுகள் ஒரே முகத்தோடு வரும்.

முதலாவது, குழாயில் காற்றுக் குமிழி. எங்கள் தொட்டித் தண்ணீர் காலையில் 12 டிகிரி இருக்கும். பெட்டிக்குள் 26 டிகிரி. குளிர்ந்த தண்ணீரில் அதிகக் காற்று கரைந்திருக்கும். சூடேறும்போது அது வெளியே வரும். பாத்திரத்தில் தண்ணீர் காயும்போது ஓரமெல்லாம் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். மூன்று மில்லிமீட்டர் குழாயில் அப்படி ஒரு முத்து போதும், அடைத்துக்கொள்ளும். பம்ப் சுற்றும், கணக்கு ஏறும், விதைக்கு ஒரு சொட்டும் போகாது. தரையில் குமிழி எப்படியாவது மேலே ஏறித் தப்பிக்கும். விண்வெளியில் மேல் என்று ஒன்று இல்லாததால் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு ராத்திரி முழுக்கப் பெட்டியின் வெப்பத்திலேயே மூடி வைத்து, அப்புறம் நிரப்புங்கள். ஏற்கெனவே அடைத்துவிட்டால் பம்பைக் கால் மில்லி பின்னுக்கு இழுத்து மெதுவாக முன்னுக்குத் தள்ளச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறைக்குள் குமிழி நகர்ந்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர் உண்மையில் போயிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. ஒரு நாள் இரவு பதினொன்றரை இருக்கும். கோவையிலிருந்து ஒரு பெண்ணின் போன்.

"சார், தண்ணி கமாண்ட் போகவே இல்ல சார். மூணு தடவ அனுப்பிட்டேன்."

"பெட்டி பதில் சொல்லுச்சா?"

"ஒண்ணுமே வரல சார்."

கட்டளை மூன்று முறையும் போய்ச் சேர்ந்திருந்தது. வராமல் போனது பெட்டியின் பதில் மட்டும்தான். இரண்டு மில்லி கேட்ட இடத்தில் ஆறு மில்லி. மறுநாள் படத்தில், விதைகளுக்கு அடியில் விரித்த வடிதாள் கண்ணாடி மாதிரி பளபளத்தது, பன்னிரண்டு விதைகளும் தண்ணீர்ப் படலத்துக்குள் அசையாமல் கிடந்தன. அந்தப் பெண் மேல் தப்பில்லை. கட்டளையை அப்படி எழுதிக் கொடுத்த என் மேல்தான் தப்பு.

'இரண்டு மில்லி விடு' என்று எழுதாதீர்கள். 'இதுவரை விட்டது மொத்தம் நான்கு மில்லி ஆகட்டும்' என்று எழுதுங்கள். அதை மூன்று முறை அனுப்பினாலும், முப்பது முறை அனுப்பினாலும், நான்கு மில்லியில் நின்றுவிடும். விளக்குக்கும் ஃபேனுக்கும் இதே கதைதான். 'மாற்று' என்று ஒரு கட்டளை இருக்கவே கூடாது. 'எரி', 'அணை' என்று தனித்தனியாக இருக்க வேண்டும். தூரத்திலிருந்து நடத்தும் எதற்கும் இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஈரம் இருக்கிறது, விதை முளைக்கவில்லை

வெப்பநிலை சரியாகத்தானே காட்டுகிறது என்று சொல்வீர்கள். எந்த இடத்து வெப்பநிலை? சென்சார் ஹீட்டர் பக்கம் இருந்தால் அங்கே 26, விதை இருக்கும் தட்டில் 19 கூட இருக்கும். ஜனவரி உறைபனி ராத்திரியில், புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும்போது, பெட்டியின் வெளிச்சுவர் உள் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு சென்சாரை வடிதாளின் அடியிலேயே ஒட்டுங்கள். ஹீட்டரை அந்த அளவைப் பார்த்து ஓட விடுங்கள், காற்றின் அளவைப் பார்த்து அல்ல.

தண்ணீர் மிஞ்சி மூச்சு முட்டினாலும் முளைக்காது. விண்வெளியில் இது இன்னும் மோசம். அங்கே தண்ணீர் கீழே வடியாது, வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்துவிடும். குறைவாக விட்டுப் பொறுத்திருப்பதே நல்லது.

வேர் ஒரே பக்கமாகச் சாய்கிறது

சுழலும் பெட்டியில் வேர்கள் ஆளுக்கொரு திசையில் அலைந்தால்தான் ஓட்டம் சரி. எல்லாம் சொல்லிவைத்த மாதிரி சாய்ந்தால், எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதிலேயே காரணம் இருக்கும்.

மையத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்தால் வேகம் அதிகம். நிமிடத்துக்கு இரண்டு சுற்றில், மையத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் விதைக்கு வரும் வெளித்தள்ளல், புவி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குதான். அறுபது சுற்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வேருக்கு அது நன்றாகவே தெரியும்.

அச்சின் ஒரு முனையைப் பார்த்துச் சாய்ந்தால் மேடை மட்டமாக இல்லை. மலையில் கட்டிய ஷெட்டில் தரை மட்டமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். அச்சு ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும், ஈர்ப்பில் நூறில் கிட்டத்தட்ட இரண்டு பங்கு அச்சு வழியே நிலையாக இழுத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு சுழற்றினாலும் அது சராசரியாகிப் போகாது. கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதையே வாங்கி வைத்துப் பாருங்கள். மழை முடிந்ததும் மறுபடி பாருங்கள், தரை இறங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அதைச் சுமார் 11 டிகிரி சரிவில் தேடிக் கட்டினார்கள். அந்தச் சரிவு ஊட்டியின் அட்சரேகைக்குச் சமம் என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. சரிவை வரமாக்கிக்கொண்டார்கள். அதை நினைத்து நான் பல நாள் வியந்திருக்கிறேன். நமக்கு அதே சரிவு ஆகாது.

மூன்றாவது, வேர் நேராகப் போய் நடுவில் கொக்கி மாதிரி வளைந்து, மறுபடி வழி தப்பி அலைகிறது என்றால், மேடை கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. வேர் நுனியில் மாவுமணிகள் நிறைந்த செல்கள் உண்டு. சுழற்சி நின்றதும் சில நிமிடத்திலேயே அந்த மணிகள் அடியில் படிந்துவிடும், வேர் திசை பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனபோது கணினி பேட்டரியில் ஓடியது, மோட்டார் ஓடவில்லை. பதிவில் மட்டும் 'மோட்டார்: ஓடுகிறது' என்றே இருந்தது. ஏனென்றால் அது நாம் கொடுத்த கட்டளையைத் திருப்பிச் சொன்னதே தவிர, நடந்ததைச் சொல்லவில்லை. மேடை ஓரத்தில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டி, எதிரில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைத்து, சுற்றை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மட்டுமே சாட்சி.

திறந்த வெளியில் வைத்தாலும் கார்பன் டை ஆக்சைடு 330 காட்டுகிறது

காற்றில் இன்றைக்குப் பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கிறது. சென்சார் கெடவில்லை, ஊட்டி உயரத்தில் இருக்கிறது. 2,240 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அகச்சிவப்பு சென்சார் எண்ணுவது மூலக்கூறுகளை. காற்று மெல்லிசானால் அவை குறையும். பல சென்சார்களில் உயரத்தையோ அழுத்தத்தையோ உள்ளிட இடம் இருக்கிறது. அதைச் செய்யாமல் விடாதீர்கள்.

இதைவிடத் தந்திரமான கோளாறு ஒன்று உண்டு. விலை குறைந்த சில சென்சார்கள், தாங்கள் பார்த்ததிலேயே குறைந்த அளவை 'இதுதான் வெளிக்காற்று, 400' என்று எடுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளும். மூடிய பெட்டியில் வெளிக்காற்றே வராது. முளைக்கும் விதை மூச்சு விட்டு 900க்கு ஏற்றியிருக்கும். சென்சார் அதையே 400 என்று முடிவு கட்டிவிடும். நாளுக்கு நாள் கோடு இறங்கிக்கொண்டே போனால் இந்தத் தானியங்கித் திருத்தத்தை அணையுங்கள்.

ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். விண்வெளி நிலையத்துக்குள் அழுத்தம் கடல் மட்டத்து அளவு, கார்பன் டை ஆக்சைடு பூமிக் காற்றைவிடப் பல மடங்கு. ஊட்டிக் காற்றில் செய்த சோதனையை அதற்கு அப்படியே ஈடு என்று எழுதக் கூடாது. அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எங்கள் அழுத்த அளவைப் போட்டுவிடுகிறோம்.

மூன்றாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சை

வடிதாளையும் குழாயையும் குக்கரில் வேக வைத்துத்தான் எடுத்தோம், அப்புறம் எப்படி வந்தது? இதுவும் உயரத்தின் வேலைதான். ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பது பருப்பு வேக வைப்பவர்களுக்குத் தெரியும். குக்கர் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் இவ்வளவு என்றுதான் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். வெளிக்காற்றே குறைவு என்பதால், கீழே 121 டிகிரி வரும் அதே குக்கரில் இங்கே 117, 118தான் வரும். நாலு டிகிரி தானே என்று தோன்றும். ஆனால் கிருமி வித்துகளைக் கொல்லும் வேகம் பத்து டிகிரிக்குப் பத்து மடங்கு மாறக்கூடியது. கீழே 20 நிமிடம் என்றால் இங்கே 45 நிமிடம் வையுங்கள். எத்தனை விசில் என்று எண்ணாதீர்கள், முதல் விசிலிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள்.

ஓட்டத்துக்கு நடுவில் வந்துவிட்டால் ஃபேனைக் கூட்டுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், பூஞ்சை பிடித்த விதையின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் செய்ய முடியும். விண்வெளி நிலையத்தில் 2015 கடைசியில் வெஜ்ஜி என்ற செடி வளர்க்கும் பெட்டியில் வளர்ந்த ஜின்னியா செடிகளுக்கு இதுவே நடந்தது. இலை ஓரத்தில் தண்ணீர் கசிந்து, ஈரம் மிஞ்சி, பூஞ்சை வந்தது. ஃபேனைக் கூட்டியதும் மறுபக்கம் செடி காய ஆரம்பித்தது. கடைசியில் அங்கிருந்த விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, எப்போது தண்ணீர் விடுவது என்பதைத் தானே செடியைப் பார்த்து முடிவு செய்துகொள்ளக் கேட்டார். தரையில் இருந்தவர்கள் ஒப்புக்கொண்டு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் பூத்தது. அங்கே ஒரு கண் இருந்தது. நம் பெட்டியில் இருப்பது கேமரா மட்டும், அதனால் நாம் இன்னும் நிதானமாக இருக்க வேண்டும்.

படம் மங்கல்

மூடியின் உள்பக்கம் பனித்துளி. மூடியைச் சுற்றி மெல்லிய ஹீட்டர் கம்பி ஒட்டி, படம் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் மட்டும் சூடாக்குங்கள். வெளிப்பக்கம் மங்கலாக இருந்தால் அது மேகம் ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்ட நாள். மத்தியானத்துக்குள் போய்விடும், காத்திருங்கள்.

இரட்டைப் பெட்டி வேறு மாதிரி வளர்கிறது

இரட்டை எதற்கு? சுழலும் பெட்டியில் தெரியும் மாற்றம் திசை இழந்ததால் வந்ததா, வேறு எதனாலா என்று சொல்வதற்கு. அதனால் திசையைத் தவிர மற்ற எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சும்மா மேஜை மேல் வைத்த பெட்டி இரட்டை ஆகாது. எங்கள் சுழலும் பெட்டி எப்போதும் இரட்டையைவிட ஒன்றரை டிகிரி சூடாக இருந்தது. காரணம் மோட்டாரின் சூடு. இப்போது இரட்டையிலும் அதே மோட்டார், அதே வேகம். அதன் அச்சு மட்டும் செங்குத்தாக நிற்கும். அதிர்வு, சூடு, சுழற்சி எல்லாம் கிடைக்கும், வேருக்குக் கீழ் எது என்பது மாறாது.

அப்புறம், இரட்டையை ஒரு நாள் தாமதமாகத் தொடங்குங்கள். அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலும் நிலையத்தின் வெப்பம், ஈரம், கார்பன் டை ஆக்சைடு அளவுகளை வாங்கி, தாமதத்தோடு தரையில் உள்ள அறையில் திருப்பி ஓட்டுகிறார்கள். மேலே தப்பு நடந்தால் அதே தப்பைக் கீழேயும் செய்து பார்ப்பதற்காக.

போன ஓட்டத்தின் நான்காம் நாள், அதிகாலை 2.10க்குக் கரண்ட் போய் 2.57க்கு வந்தது. 47 நிமிடம் ஹீட்டர் இல்லை, விளக்கு இல்லை, மோட்டார் இல்லை. அன்று காலை பாஸில் பிள்ளைகள் பதிவை இறக்கி, நேரத்தைக் காகிதத்தில் எழுதி, படம் எடுத்துத் தோட்டத்துக்கார அக்காவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அதிகாலை அக்கா அலாரம் வைத்து எழுந்து, ஸ்வெட்டர் மேல் சால்வை போர்த்திக்கொண்டு, டார்ச்சோடு ஷெட்டுக்கு வந்தார். 2.10க்கு இரட்டையின் சுவிட்சை அணைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். 2.57க்குப் போட்டார். பதிவேட்டில் இரண்டு நேரத்தையும் எழுதி, பக்கத்தில் 'வெளியே பனி, காட்டெருமை ஒன்று வேலி ஓரம்' என்றும் எழுதி வைத்திருந்தார்.